எத்தனை அங்குலம் என்னுடையது? எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குருக்கள் ஐயா, பங்குச் சாமியார், பள்ளிவாசல் ஹஜ்ரத், ஜெபவீட்டுப் பாஸ்டர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா, கருப்புச்சட்டை அண்ணன், தெரு நலச் சங்கத்தார் எல்லாருக்கும் வணக்கம்.

டீக்கடைச் சுவரில் நீங்கள் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்தேன். டிசம்பர் 2, மாலை ஆறு மணி, வெள்ளம் வந்து ஓராண்டு, சர்வ சமயப் பிரார்த்தனை, அதன் பிறகு சிந்தனை அரங்கம். தலைப்பு, ‘நன்மை தீமைக்குப் பொறுப்பு யார்? கடவுளா, மனிதனா, சாத்தானா?’ அதற்குக் கீழே ‘இறையருளால் உயிர் பிழைத்தோர் அனைவரும் வருக’. பேச்சாளர் ஆறு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். பொதுமக்கள் கேள்வி நேரம் ஐந்து நிமிடம் என்று கடைசியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்த ஐந்து நிமிடம் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். முதல் ஆள் மைக்கை வாங்கித் தெருவிளக்கு எரியவில்லை என்று ஆரம்பிப்பார், இரண்டாவது ஆள் அவரோடு சண்டைக்குப் போவார், பந்தல்காரர் நாற்காலியை அடுக்க ஆரம்பித்துவிடுவார். அதனால் நான் சொல்ல வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யார் என்று குழம்ப வேண்டாம். வாய்க்கால் ஓரத்துச் சந்தில் மூன்றாவது வீடு, வாசலில் சிவப்பு டைல்ஸ் ஒட்டிய ரேம்ப் இருக்கிறதே, அதுதான். அந்த ரேம்ப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அன்றைக்கு நடந்தது உங்களுக்கும் தெரியும், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் என் பேச்சு புரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. புதுச்சேரியில் மட்டும் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை, நம் கடலூர்ப் பக்கமும் விடாமல் கொட்டியது. நம் பின் தெருவில் அப்போதே முழங்கால் தண்ணீர், வடியவும் இல்லை. அப்புறம் மழை விட்டது. சரி, தப்பித்தோம் என்று ஈரத்துணியைக் கொடியில் போட்டோம். நாம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நூறு மைல் தாண்டி ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை இறங்கியிருந்தது, அது நமக்குத் தெரியாது. அந்தத் தண்ணீரெல்லாம் சாத்தனூர் அணைக்கு வந்து, டிசம்பர் 2 விடியற்காலை வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தென்பெண்ணையில் இறங்கியது. சொல்லாமல் திறந்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் சொல்ல, பலமுறை எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் திறந்தோம் என்று அரசு சொல்ல, சட்டசபை வரை போன அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. என் சந்தில் நடந்தது எனக்குத் தெரியும், அதைச் சொல்கிறேன்.

மத்தியானம் ஒரு ஆட்டோ வந்தது. மேலே குழாய் ஸ்பீக்கர். ஆற்றங்கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று பதிவு செய்த குரல். நான் கட்டிலில் படுத்திருந்தேன். கரண்ட் இல்லாத இரண்டு நாள் தூக்கம் கண்ணில். என் மனைவி, “போயிடலாங்க, பசங்க இருக்குது” என்றாள். “வருஷா வருஷம் இதையேதான் சொல்றாங்க” என்று திரும்பிப் படுத்தேன். என் காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. தெளிவாக விழுந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் தண்ணீர் வந்தது. வாசல் வழியாக வரும் என்று நினைத்து வாசற்படிக்கு மணல் மூட்டை வைத்திருந்தேன், அது குளியலறை ஓட்டை வழியாக வந்தது. முதலில் கரப்பான்பூச்சிகள் ஏறி வந்தன, பிறகு ஒரு கொப்பளிப்பு, பிறகு சேற்று நிறத்தில் தண்ணீர். அரை மணி நேரத்தில் மாடிக்குப் போய்விட்டோம். கீழே இருட்டில் காஸ் சிலிண்டர் மிதந்து போய் சமையல்கட்டுக் கதவில் இடிப்பது மேலே கேட்டது. டொக், டொக் என்று, யாரோ விருந்தாளி வந்து தட்டுகிற மாதிரி. என் சின்னவன், “யாருப்பா அது?” என்று கேட்டான்.

பின் தெருவில் மாடு வைத்திருக்கிற அக்காவின் குரலும் கேட்டது. மாட்டைக் கொட்டகையில் கட்டிப் போட்டிருந்தார். கன்றை வேறு மூலையில் கட்டியிருந்தார், ராத்திரியில் குடித்துவிடக் கூடாது என்று. மகன் இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து மாடியில் ஏற்றிவிட்டான். அங்கிருந்து, “கயித்த அவுத்து வுடுங்கடா, கயித்த அவுத்து வுடுங்கடா” என்று கத்திக்கொண்டே இருந்தார். நனைந்த நைலான் கயிற்று முடிச்சு எப்படி இறுகும் என்று மாடு வைத்தவர்களுக்குத் தெரியும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு ஃபைபர் போட் வந்தது. நாலு பையன்கள். குட்டியானையில் போட்டை ஏற்றிக்கொண்டு வந்து மெயின் ரோட்டில் இறக்கி, அங்கிருந்து கழியால் ஊன்றி வந்தார்கள். சந்துக்குள் இன்ஜின் போட முடியாது, மின்கம்பி தாழ்வாகத் தொங்கியது. எங்கள் சந்தை ஐந்து நடையில் காலி செய்தார்கள். அதில் ஒருவன் அக்காவின் சத்தத்தைக் கேட்டுக் கொட்டகைக்கு நீந்திப் போனான். மாடு முடிந்துபோயிருந்தது. கன்று திட்டு மேல் மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. வலை அறுக்கிற கத்தியால் கயிற்றை அறுத்துக் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். தாழங்குடாவா, தேவனாம்பட்டினமா, எந்தக் குப்பம் என்று கூட நான் கேட்கவில்லை. பெயர் கேட்கவில்லை. டீக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

இப்போது உங்களுக்கு வருகிறேன்.

பள்ளிக்கூட முகாமில் மூன்று நாள் இருந்தோம். நீங்கள் எல்லாருமே வந்தீர்கள், சோறு கொண்டுவந்தீர்கள், பாய் கொண்டுவந்தீர்கள், அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் சோற்றோடு கூடவே விளக்கமும் வந்தது. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, “நான் இன்னா பாவம் பண்ணேன்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது கேள்வி கூட இல்லை, அது அழுகை. அதற்கு ஆளாளுக்குப் பதில் வைத்திருந்தீர்கள். கோயில் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், இந்த ஆடியில் நீ கூழ் ஊற்றவில்லையே என்றார். ஜெபவீட்டிலிருந்து வந்த அம்மா, உன் வீட்டில் சாத்தானின் கட்டு இருக்கிறது, கட்டு அவிழ வேண்டும் என்று தலையில் கை வைத்தார். இன்னொருவர் எல்லாம் ஆண்டவன் சித்தம், அவன் எழுதியதை யார் மாற்றுவது என்றார். தமிழாசிரியர் ஐயா, நீங்கள் ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்று ராகமாகச் சொன்னீர்கள். அதை நான் பாராட்டாகத்தான் கேட்டிருப்பேன், ஆனால் அக்கா முகத்தைப் பார்த்தேன். ஒரு வருஷம் ஆயிற்று, இன்றைக்கும் அவர் கேட்கிறவர்களிடமெல்லாம், “கூழ் ஊத்தல, அதான்” என்கிறார். அந்தக் கூழை ஏன் ஊற்றவில்லை தெரியுமா? அந்த ஆடியில் பேத்தியை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார். மாரியம்மனுக்கு அது தெரியாதா?

அவர் குற்றத்தை ஒத்துக்கொண்டார். குற்றவாளி ஒருத்தி கிடைத்ததும் நாம் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டோம். இதுதான் என் ஆற்றாமை. நோட்டீஸில் இருக்கும் மூன்று பெயரில் யார் பொறுப்பு என்று மணிக்கணக்கில் பேசலாம், உலகம் பல ஆயிரம் வருஷமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் அந்தப் பேச்சு எப்படி முடிகிறது என்று பாருங்கள். நல்லது நடந்தால் இறையருள், கெட்டது நடந்தால் மாடு செத்தவள் பாவம். போட் தள்ளிய பையன் நோட்டீஸிலேயே இல்லை, வாய்க்காலை மூடியவனும் இல்லை. யார் கையும் அகப்படாத ஒரு கணக்கு.

இந்த விஷயத்தில் ரொம்பத் தெளிவாகக் கோடு போட்டது யார் என்றால், சிரிக்காதீர்கள், என் காருக்கு இன்சூரன்ஸ் கொடுத்த கம்பெனி. தண்ணீர் வடிந்த பிறகு நான் அவசரப்பட்டுச் சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்தேன், இன்ஜின் உள்ளே தண்ணீர் போய் இறுகிவிட்டது. சர்வேயர் வந்தார். சீட், மேட், வயரிங் எல்லாம் வெள்ளத்தால் போனது, அது ஆக்ட் ஆஃப் காட், பணம் உண்டு என்றார். இன்ஜின்? “ஸ்டார்ட் பண்ணீங்களா சார்?” பண்ணினேன். “அப்ப அது நீங்க பண்ணது. இன்ஜின் புரொடெக்‌ஷன் தனியா எடுத்திருந்தா வரும்.” கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் எங்கே கோடு என்று ஞானிகள் திணறிய இடத்தில் அந்த மனுஷன் ஒரு சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க, தொகையை விட்டுவிட்டுப் பார்த்தால், அவர் கேட்டது சரியான கேள்விதான். தண்ணீரை யார் அனுப்பினார் என்று அவர் கேட்கவில்லை. சாவி யார் கையில் இருந்தது என்று கேட்டார்.

குருக்கள் ஐயா, உங்களுக்கு நான் பாடம் சொல்ல வரவில்லை. ஆனால் அப்பர் நம் மாவட்டத்துக்காரர், திருவதிகையில் பாடத் தொடங்கியவர், அந்த உரிமையில் பேசுகிறேன். சூலை நோயில் துடித்தபோது முதல் பதிகத்திலேயே ‘கொடுமை பல செய்தன நான் அறியேன்’ என்றுதான் பாடினார். அவர் வாயால், அவரைப் பற்றி. அவருடைய அக்கா திலகவதியார் என்ன செய்தார்? சமணத்துக்குப் போனாயே, அனுபவி என்று சொல்ல அந்த அக்காவுக்கு எல்லா நியாயமும் இருந்தது. திருநீற்றைக் கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனார், அவ்வளவுதான். என் வினை என்று வலிப்பவன் சொல்லலாம். பார்க்கப் போனவன் சொன்னால் அதற்கு வேறு பெயர்.

அப்புறம் கல். கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள், கல் தெப்பமாகி நம் ஊரில் கரை சேர்ந்தார், அதற்குச் சாட்சியாகக் கரையேறவிட்டகுப்பம் என்று ஒரு ஊரே இருக்கிறது, பஸ்ஸில் போகும்போது பார்க்கிறோம். கல் மிதந்தது சிவன் அருள். கல்லைக் கட்டியது யார்? பல்லவ மன்னன் ஆணை, அவன் ஆட்கள். சேக்கிழாருக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை, கல்லைக் கட்டியதும் சிவன் சித்தம்தான் என்று மன்னனை அவர் தப்பவிடவில்லை. நாம்தான் கல்லைக் கட்டியவனை விட்டுவிட்டு, மூழ்கியவனிடம் போய் உன் ஊழ் என்கிறோம்.

பாஸ்டர் ஐயா, உங்களோடு எனக்கு வருத்தம் இல்லை, ராத்திரி ராத்திரியாக முகாமில் கொசுவர்த்தி கொளுத்தி வைத்தது நீங்கள்தான். ஆனால் அந்தக் ‘கட்டு’. மாட்டைக் கொன்ற கட்டு நைலான் கயிறு. அதை அவிழ்த்தது கத்தி. சாத்தான் இல்லை என்று நான் வாதாடவில்லை, அது உங்கள் விசுவாசம். (தமிழில் சாத்தன் நல்ல பெயராக இருந்தது, சீத்தலைச் சாத்தனார் என்று புலவரே உண்டு. எபிரேயத்திலிருந்து வந்த சொல்லுக்கும் அதற்கும் உறவு கிடையாது, ஆனாலும் ஒரு துணைக்கால் சேர்ந்ததும் என்ன கதி ஆகிவிட்டது பாருங்கள்.) நான் சொல்வது யோபு கதை. ஆடு மாடு, பிள்ளைகள் எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். நண்பர்கள் வருகிறார்கள், ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே தரையில் உட்காருகிறார்கள். அதன் பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று ஆரம்பிக்கிறார்கள். கடைசியில் ஆண்டவர் யாரைக் கடிந்துகொண்டார்? யோபுவைப் புண்படுத்திய அந்த நண்பர்களைத்தான். பங்குச் சாமியாருக்கு இதைவிடச் சின்னதாக ஒன்று போதும், சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோது, எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லவே இல்லை என்று இயேசு சொன்னது. திருப்பலி வாசகத்தில் பலமுறை படித்திருப்பீர்கள், முகாமில் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

ஹஜ்ரத், உங்கள் குர்ஆனில் 30ஆம் அத்தியாயத்தில் 41ஆம் வசனம், தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றியது மனிதர்களின் கைகள் செய்தவற்றால் என்று வருகிறது. கைகள் என்றே சொல்லியிருக்கிறது. எனக்கு அந்தச் சொல் போதும்.

தமிழாசிரியர் ஐயா, கணியன் பூங்குன்றனாரை அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்களே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அதே பாட்டில் கொஞ்சம் தள்ளித்தானே பேராற்றில் நீர் போகிற வழியே போகும் தெப்பத்தை வைத்திருக்கிறார். ஆற்று வெள்ளத்தில் தெப்பமாக வந்தவளிடம் அந்த வரியைச் சொல்லிவிட்டுத் தெப்பத்தை விட்டுவிட்டால் எப்படி? அதனால்தானே, பெரியவரைக் கண்டு வியக்கவும் மாட்டேன், சிறியவரை இகழவே மாட்டேன் என்று முடிக்கிறார். நீங்கள் வகுப்பில் நடத்தியபோது முழுப் பாட்டையும் நடத்தினீர்கள், நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். பிச்சை எடுத்துத்தான் வாழ வேண்டும் என்று ஒருவனுக்கு விதித்திருந்தால் இந்த உலகத்தைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும் என்று வள்ளுவர் சாபம் விட்ட குறளை நடத்தியதும் நீங்கள்தான். படைத்தவனைக் கேள்வி கேட்க வள்ளுவர் தயங்கவில்லை, பிச்சைக்காரனைக் குற்றம் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

பெரியவர்களே தவறும் இடம்தான் இது, அதனால் யாரும் கூச்சப்பட வேண்டாம். 1934 ஜனவரி 15இல் பீகாரில் பூகம்பம் வந்து ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்தார். திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்றார். நோக்கம் நல்லது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தாகூர் பொறுக்காமல் மறுப்பு எழுதினார். இதே வாதத்தைத் தீண்டாமையை ஆதரிக்கிறவர்கள் திருப்பிப் போட்டு, காந்தியும் அவர் ஆட்களும் செய்கிற காரியத்தால்தான் கடவுள் கோபித்தார் என்று சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டார். காந்தி அந்த மறுப்பைத் தன் ‘ஹரிஜன்’ இதழிலேயே பிப்ரவரியில் போட்டார், தன் நம்பிக்கையை விடவும் இல்லை. அதே பிப்ரவரியில்தான் புதுச்சேரிக்கும் வந்துபோனார். இடிந்து விழுந்த வீடுகளில் தீண்டாமையால் அவதிப்பட்டவர்களும்தானே இருந்திருப்பார்கள்? அந்தக் கணக்கு எனக்கு எப்படிப் போட்டும் வரவில்லை.

2004 சுனாமியிலும் பார்த்தோமே. நம் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல். வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை என்பதை அதிசயமாகச் சொன்னார்கள், வெளியே கடற்கரையில் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்ரீகர்கள் நூற்றுக்கணக்கில் செத்துக் கிடந்தார்கள். அதிசயத்தைச் சொன்னவர்கள் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பிச்சாவரம் பக்கம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த சில குப்பங்கள் அவ்வளவாக அடிபடாமல் தப்பின, அது அருளா என்று கேட்டால் அருள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த அருள் மரமாக நின்றது, வெட்டாமல் விட்டதால் நின்றது.

விதி என்ற சொல் எனக்கு எப்போதும் குண்டு உப்பலவாடியைத்தான் ஞாபகப்படுத்தும். 1690இல் இங்கிலீஷ்காரர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ, அந்த எல்லைக்குள் இருக்கிற ஊர்களும் சேர்த்து என்று பேச்சு. திசைக்கு ஒன்றாகச் சுட்டார்கள். அப்படிச் சிக்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள், அதில் ஒன்றின் பெயரில் இன்னும் குண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவனுக்கு வானத்திலிருந்து ஒன்று விழுகிறது, மறுநாள் அவன் வேறு ராஜ்ஜியத்துக்காரன். விதி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வான்? ஆனால் பீரங்கியைத் திருப்பி, மருந்து அடைத்து, திரியில் நெருப்பு வைத்தது ஒரு ஆள். கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சம்பளம் வாங்கிய ஆள்.

சரி, கருப்புச்சட்டை அண்ணே. இவ்வளவு நேரம் தலையாட்டிக்கொண்டே படித்திருப்பீர்கள், தெரியும். கடவுளும் இல்லை, பேயும் இல்லை, எல்லாம் அதிகாரிகளும் ஆக்கிரமிப்பும் என்று நீங்கள் பேசப் போகிறீர்கள். அதில் முக்கால்வாசி நான் ஒத்துக்கொள்கிறேன். மிச்சக் கால்வாசி என்னவென்றால், நம் சந்து முனையில் வாய்க்கால் மதகை அடைத்துக்கொண்டு நிற்கிறதே உங்கள் கொடிக்கம்ப மேடை, அதற்கு எந்த அதிகாரி பொறுப்பு? மனிதன்தான் பொறுப்பு என்று சொல்கிறவர்களுக்கும் ‘மனிதன்’ என்றால் எப்போதும் பக்கத்துத் தெரு மனிதன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றால், ஒன்றும் இல்லை. ரேம்ப்புக்கு வருகிறேன்.

அந்த வாய்க்காலை என் தாத்தா பாசன வாய்க்கால் என்றார். அப்பா வடிகால் என்றார். நான் சாக்கடை என்றேன். பெயர் மாற மாற அகலமும் குறைந்தது. என் சின்ன வயசில் தாண்டிக் குதிக்க ஓட்டம் வேண்டும். நான் கார் வாங்கியபோது அது மூன்றடிதான். வாசலில் ஏற்ற ரேம்ப் வேண்டும் என்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் நல்ல மனுஷன், “சார், தண்ணி போறதுக்கு ரெண்டடி உருளை போட்டுக்கலாம்” என்றார். சிமெண்ட் உருளை விலையைக் கேட்டேன். ஆறு அங்குல பிவிசி பைப் ஒன்று வீட்டிலேயே மிச்சம் கிடந்தது. அதைப் படுக்கப் போட்டு, மேலே பழைய சுவர் இடித்த கல்லையும் மண்ணையும் கொட்டி, கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டினோம். கவுன்சிலர் அந்தப் பக்கமாகப் போனவர் பார்த்துவிட்டு, “எல்லாரும்தான் போட்டிருக்காங்க, போடுங்க” என்றார். உண்மைதான், எங்கள் வரிசையில் பதினோரு வீடு, பதினோரு ரேம்ப். அந்தப் பைப் இரண்டாவது மழையிலேயே பாலித்தீன் பையும் தேங்காய் மட்டையும் அடைத்துக்கொண்டுவிட்டது. குத்தி எடுக்க வேண்டும் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பின் தெரு எங்களைவிடப் பள்ளம். அவர்கள் தண்ணீர் வடிய அந்த வாய்க்காலை விட்டால் வழி கிடையாது. பெண்ணையாற்று வெள்ளம் என் ரேம்ப்பால் வரவில்லை, அது எப்படியும் வந்திருக்கும், நாணமேடு, உச்சிமேடு எல்லாம் மூழ்கிய வெள்ளம் அது. ஆனால் ஆறு வருவதற்கு முந்தின நாளே பின் தெருவில் முழங்கால் தண்ணீர் வடியாமல் நின்றதே, அக்கா வீட்டுக் கொட்டகைத் தரை ஏற்கெனவே முழுகியிருந்ததே, அந்தத் தண்ணீர் யாருடையது? கொட்டகைச் சுவரில் இப்போதும் கறை இருக்கிறது. இரண்டு கோடு. கீழே ஒன்று, மழைத் தண்ணீர் நின்ற கோடு. மேலே ஒன்று, ஆறு வந்த கோடு. பால் வாங்கப் போகும்போதெல்லாம் அதைத்தான் பார்க்கிறேன். ஒரு நாள் அக்கா உள்ளே போன நேரத்தில் டேப் வைத்து அளந்தேன். கீழ்க் கோடு பத்தொன்பது அங்குலம். அந்தப் பத்தொன்பதைப் பதினோரு வீட்டுக்குப் பங்கு போட்டுப் பார்த்தேன், கொடிமேடைக்கும் ஒரு பங்கு வைத்தேன், அணைக்காரர்கள், புயல், ஊத்தங்கரை மழை எல்லாவற்றையும் மேல் கோட்டில் எழுதினேன். இது கணக்கே இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் எப்படிக் கழித்தாலும் என் பங்கு பூஜ்யமாக வரவில்லை. அந்த மாடு மூக்கைத் தூக்க எத்தனை அங்குலம் குறைந்தது என்று எனக்குத் தெரியாது.

எங்கள் தெருவில் சாத்தான் வந்திருந்தால் அவன் கையில் கொத்தனார் கரண்டி இருந்தது. கூலி கொடுத்தது நான்.

வள்ளலார் வடலூரில் 1867இல் தருமசாலை அடுப்பை ஏற்றினார், இன்னும் எரிகிறது, நாம் எல்லாரும் போய்ச் சாப்பிட்டிருக்கிறோம். பசியில் கிடப்பவன் முன்வினையால்தானே கிடக்கிறான், அவனுக்குச் சோறு போட்டால் கடவுள் கட்டளைக்கு விரோதம் ஆகாதா என்று அந்தக் காலத்திலும் கேட்டிருக்கிறார்கள். சிறையில் விலங்கு போட்டு வைத்திருக்கிற குற்றவாளிக்கும் அரசன் தன் சேவகர்களைக் கொண்டு சோறு போடத்தானே செய்கிறான் என்று பதில் சொன்னார். அந்தப் பதிலில் வினை இல்லை என்று அவர் வாதாடவில்லை. உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் உன் வேலை சோறு போடுவது. அந்த மாதிரி ஒரு பேச்சை டிசம்பர் 2 மேடையில் யாராவது பேசுங்கள்.

இன்னும் நாள் இருக்கிறது, அதனால் சிலதைக் கேட்கிறேன். அந்த ‘இறையருளால் உயிர் பிழைத்தோர்’ வரி இருக்கட்டும், எடுக்க வேண்டாம், ஆனால் போட் தள்ளி வந்த நாலு பையன்களைக் கண்டுபிடித்து முன் வரிசையில் உட்கார வையுங்கள். குப்பத்துப் பசங்க என்று பின்னால் நிற்க வைத்துச் சால்வை போடுகிற வேலை வேண்டாம். நான் போய்த் தேடுகிறேன், கூட யாராவது வந்தால் நல்லது, மீனவர் பஞ்சாயத்துத் தலைவரிடம் பேசத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. அக்காவை மேடை ஏற்றி அழ வைக்காதீர்கள். ஆனால் பிரார்த்தனை முடிந்ததும் குருக்கள் ஐயா, நீங்களே அவரிடம் போய், கூழுக்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் மூன்று முறை சொன்னேன், நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார். நீங்கள் சொன்னால் அன்று ராத்திரி தூங்குவார்.

கன்று இப்போது வளர்ந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் என் ரேம்ப் மேல்தான் வந்து படுக்கிறது, வெயில் காய்ந்த சிமெண்ட் சூடு அதற்குப் பிடித்திருக்கிறது போல. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அதை எழுப்பிக் கட்டிவிட்டு, அவிழ்க்கிற முடிச்சாகத்தான் போடுவேன், ரேம்ப்பை உடைக்கிறேன். பிரேக்கர் மெஷினுக்கு ஒரு நாள் வாடகை பேசிவிட்டேன், அதே கொத்தனார்தான் வருகிறார், இரண்டடி உருளையும் சொல்லியாகிவிட்டது. என் வீட்டு வேலை பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிடும், மெஷின் சாயங்காலம் வரை சும்மாதான் கிடக்கும். மற்ற பத்து வீட்டுக்காரர்களில் யாருக்கு வேண்டுமோ முதல் நாளே சொல்லிவிடுங்கள். கருப்புச்சட்டை அண்ணன் கட்சியில் ஒரு வார்த்தை கேட்டுச் சரி என்றால், கொடிமேடையையும் அதே வாடகையில் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
சிவப்பு டைல்ஸ் வீட்டுக்காரன்